தீபாவளி முதல் பொங்கல் வரை: ஓட்டம் விட்டுப் போகாம இருக்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறோம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம நிகழ்ச்சியைக் கேக்குற ஒரு பொண்ணு அனுப்பினது. "அக்கா, ஜூன்ல இருந்து ஓடுறேன். இப்போ 5 கிலோமீட்டர் நிக்காம ஓட முடியுது. தீபாவளிக்கு ஊருக்குப் போறேன். போன வருஷமும் இப்படித்தான் போனேன். மறுபடி ஷூ போட்டது மார்ச்ல. இந்த வருஷமும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

இந்தப் பயம் எனக்கு நல்லாத் தெரியும். நானும் அதே குழியில விழுந்து எழுந்தவதான்.

நம்ம ஊர்ல பண்டிகை சீசன்னா ஒரு வாரக் கதை இல்ல. தீபாவளியில ஆரம்பிக்கும். உடனே வடகிழக்குப் பருவமழை. நடுவுல ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணங்கள். அப்புறம் கிறிஸ்துமஸ், ஆபீஸ்ல வருஷக் கடைசி வேலை, நியூ இயர், கடைசியா பொங்கல். தீபாவளி எந்தத் தேதியில வருதுங்கிறதைப் பொறுத்து மொத்தம் 9ல இருந்து 12 வாரம் வரைக்கும் போகும். அந்த 12 வாரத்துக்கும் நம்ம கைவசம் வரிசையா சாக்கு இருக்கும். "தீபாவளி முடியட்டும்", "மழை விடட்டும்", "நியூ இயர்ல இருந்து ஸ்ட்ரிக்டா", "சரி, பொங்கலும் போயிடட்டும்". ஒவ்வொண்ணும் தனியாப் பார்த்தா நியாயமான காரணம்தான். அதான் பிரச்சினையே.

என் கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். மூணு வருஷம் முன்னாடி அக்டோபர்ல என்னால 10 கிலோமீட்டர் ஓட முடிஞ்சது. அந்த வருஷம் தீபாவளிக்கு நிறுத்தினேன். பொங்கல் முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனேன். மனசுல நான் இன்னும் அந்த 10 கிலோமீட்டர் ஆளு. பழைய வேகத்துலயே ஆரம்பிச்சேன். மூச்சு வாங்கிச்சு, விடல. ரோஷம். மூணு நாள் கழிச்சு முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்போட உள் ஓரத்துல தொட்டாலே உயிர் போற வலி. ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்னு பிசியோ சொன்னாங்க. ஆறு வாரம் ஓடக் கூடாதுன்னாங்க. திரும்ப ஆரம்பிச்சப்போ சித்திரை வெயில்.

அப்போதான் உட்கார்ந்து படிச்சேன். நிறுத்தினா உடம்புக்குள்ள என்ன ஆகுது, எவ்வளவு குறைச்சா தாங்கும்? இந்தக் கேள்விகளுக்கு 1980கள்லயே நல்ல பதில் இருந்திருக்கு. யாரும் எனக்குச் சொல்லல.

நிறுத்தினா என்ன ஆகும்?

எட்வர்ட் கோய்ல்னு ஒரு உடற்பயிற்சி விஞ்ஞானி. 1984ல அவரும் அவரோட சக ஆய்வாளர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. நல்லாப் பயிற்சி எடுத்த ஏழு பேர், பயிற்சியை முழுசா நிறுத்தினாங்க. அவங்களோட வி.ஓ.டூ மேக்ஸை அளந்தாங்க. உச்சகட்டமா உழைக்கும்போது உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும்ங்கிற அளவு அது. முதல் மூணு வாரத்துல சுமார் 7 சதவீதம் குறைஞ்சது. எட்டு வாரத்துல சுமார் 16 சதவீதம்.

இதுல முதல்ல அடி வாங்குறது இதயம் ஒரு துடிப்புல வெளியே தள்ளுற ரத்தத்தோட அளவு. தொடர்ந்து ஓடுறவங்களுக்கு ரத்தத்துல இருக்கிற பிளாஸ்மா, அதாவது நீர்ப்பகுதி, அதிகமா இருக்கும். ரத்தம் நிறைய இருந்தா இதயம் ஒவ்வொரு தடவையும் நல்லா நிரம்பும். நல்லா நிரம்பினா நிறைய தள்ளும். ஓட்டத்தை நிறுத்தின ரெண்டு வாரத்துக்குள்ளயே அந்த நீர்ப்பகுதி வத்த ஆரம்பிக்குது. அதே வேகத்துல ஓட இதயம் கூடுதலாத் துடிக்கணும். பத்து பதினஞ்சு நாள் லீவுக்கு அப்புறம் முதல் நாள் ஓடும்போது வாட்ச்சுல ஹார்ட் ரேட் எகிறுதே, அதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். நீங்க ஒரேயடியா வீணாப் போயிடல. திரும்ப ஓட ஆரம்பிச்சா இந்த நீர்ப்பகுதி சீக்கிரமாவே திரும்பி வரும்.

எலும்பும் தசைநாரும் அப்படி இல்ல. அதுங்க நிதானமாத்தான் பழகும். மூச்சு சீக்கிரம் திரும்பிடுறதால, கால் இன்னும் தயாரா இல்லாதப்பவே நம்மளால வேகமா ஓட முடியுது. பெசன்ட் நகர்ல நான் பண்ணின தப்பு அதுதான்.

குறைச்சா என்ன ஆகும்?

இதுதான் இந்த எபிசோடோட முக்கியமான விஷயம். ராபர்ட் ஹிக்சன்னு ஒரு ஆய்வாளர், 1981, 1982, 1985னு மூணு ஆய்வு வெளியிட்டார். மூணுக்கும் அடிப்படை ஒண்ணுதான். கொஞ்சம் பேரைப் பத்து வாரம் கடுமையாப் பயிற்சி எடுக்க வெச்சாங்க. வாரத்துக்கு ஆறு நாள், ஒரு நாளைக்கு 40 நிமிஷம். அதுக்கப்புறம் 15 வாரத்துக்கு ஏதாவது ஒண்ணைக் குறைச்சுப் பார்த்தாங்க.

முதல் ஆய்வுல நாளைக் குறைச்சாங்க. ஆறு நாள், நாலு இல்லேன்னா ரெண்டு நாளாச்சு. நேரமும் வேகமும் அப்படியே. 15 வாரம் கழிச்சும் வி.ஓ.டூ மேக்ஸ் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ரெண்டு நாள் குழுவுக்கும்தான்.

ரெண்டாவதுல நேரத்தைக் குறைச்சாங்க. 40 நிமிஷம், 26 இல்லேன்னா 13 நிமிஷமாச்சு. அப்பவும் வி.ஓ.டூ மேக்ஸ் நின்னுது. ஆனா நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிற திறன் 13 நிமிஷக் குழுவுல குறைஞ்சிடுச்சு. இந்த 'ஆனா'வை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரேன்.

மூணாவதுல நாளும் நேரமும் அப்படியே இருக்க, உழைப்போட கடுமையைக் குறைச்சாங்க. இந்தத் தடவை சரிவு தெரிஞ்சது. மூணுல ரெண்டு பங்கு குறைச்சவங்களுக்கு ரொம்பவே.

இப்போ நம்ம என்ன பண்றோம்னு யோசிங்க. பண்டிகை நேரத்துல, "சரி, வேகமெல்லாம் வேணாம், சும்மா மெதுவா ஒரு ஜாக் போயிட்டு வருவோம்"னு வேகத்தை விட்டுடுறோம். கைவிடக் கூடாத ஒண்ணைத்தான் முதல்ல விடுறோம். நாளைக் குறைக்கலாம், நிமிஷத்தைக் குறைக்கலாம். ஆனா அந்தக் கொஞ்ச நேரத்துல கொஞ்சம் கஷ்டப்படணும்.

என் கணக்கு வாரத்துக்கு ரெண்டு நாள், ஒவ்வொண்ணும் 25 நிமிஷம். முதல் 8 நிமிஷம் பேசிக்கிட்டே ஓடுற மாதிரி மெதுவா. அப்புறம் ஒரு நிமிஷம் வேகமா, ரெண்டு நிமிஷம் மெதுவா, இப்படி நாலு தடவை. வேகம்னா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இல்ல. ஒரு முழு வாக்கியம் பேச முடியாது, ரெண்டு மூணு வார்த்தை வரும், அந்த அளவு. மிச்சம் மெதுவா ஓடி, நடந்து வீட்டுக்கு. இன்னொரு நாள் 5 நிமிஷம் மெதுவா, 15 நிமிஷம் கொஞ்சம் அழுத்தமான வேகம், 5 நிமிஷம் மெதுவா. அவ்வளவுதான். மூணாவது நாள் கிடைச்சா போனஸ்.

ஓட ஆரம்பிச்சு ஒரு மாசம்கூட ஆகலேன்னா இந்த வேகமெல்லாம் இப்போ வேணாம். உங்களுக்கு ஓட்டமும் நடையும் மாத்தி மாத்திப் போறதே போதுமான உழைப்பு.

அந்த 'ஆனா'. ஜனவரியில சென்னை மாரத்தான்ல 21 கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்திருக்கீங்கன்னா ரெண்டு 25 நிமிஷம் பத்தாது. நீண்ட தூரத்துக்கு நீண்ட ஓட்டம் வேணும். வாரத்துக்கு ஒரு லாங் ரன்னைக் காப்பாத்துங்க, மத்ததைச் சுருக்குங்க. ஒரு ஞாயிறு கல்யாணத்துல போச்சுன்னா, அடுத்த ஞாயிறு ரெண்டு வாரக் கணக்கையும் சேர்த்து ஓடப் பார்க்காதீங்க. போனது போகட்டும்.

வீட்டுல கேக்குறது

இதை எந்த ரன்னிங் புத்தகத்துலயும் நான் பார்க்கல. எங்க ஊர் கல்லிடைக்குறிச்சி. தீபாவளிக்கு முந்தின ரெண்டு நாள் வீட்டுல அம்மா, பெரியம்மா, சித்தி எல்லாரும் அடுப்படியில. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. பெரியம்மா பையன், எனக்கு அண்ணன், காலைல ஷூ போட்டுட்டுக் கிளம்பினா "சாப்பிட நேரத்துக்கு வந்திருப்பா"ன்னு ஒரு வார்த்தையோட சரி. நான் ஷூ போட்டா மொத்த அடுப்படியும் திரும்பிப் பார்க்கும். யாரும் போகாதேன்னு சொல்ல மாட்டாங்க. "மாவு பிசைஞ்சு வெச்சிருக்கே"ன்னு மட்டும் சொல்வாங்க. அதுக்கு அப்புறம் எப்படிப் போறது?

வேலையை எல்லாரும் பங்கு போட்டுக்கணும், அண்ணனும் முறுக்குச் சுத்தணும், அது தனியா ஒரு எபிசோடு. நான் இங்க சொல்ல வர்றது சின்ன விஷயம். "நான் ஓடப் போறேன்"னு சொன்னப்போ கிடைக்காத நேரம், முந்தின நாள் ராத்திரியே "காலைல அஞ்சே முக்கால்ல இருந்து ஆறே கால் வரைக்கும் நான் இருக்க மாட்டேன், வந்து முறுக்குக்கு உட்கார்ந்துடுறேன்"னு மணிக்கணக்கோட சொன்னப்போ கிடைச்சது. ஒரு மணி நேரம் கேட்டா பேரம் நடக்கும். அரை மணி நேரத்துக்கு யாரும் பேரம் பேசுறதில்ல. ஹிக்சன் ஆய்வு எனக்கு உதவினது இங்கதான். அந்த அரை மணி நேரம் சமாதானத்துக்காக எடுத்துக்கிறது இல்ல, உண்மையிலேயே போதும்னு தெரிஞ்சதால, கேக்குறப்போ எனக்குக் குரல் தடுமாறல.

முதல் தடவை கன்னடியன் கால்வாய்க் கரைப் பக்கம் ஓடினப்போ, திண்ணையில உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி எந்திரிச்சே நின்னுட்டாங்க. "ஏட்டி, என்னத்துக்கு இப்பிடி ஓடுத? நாய் கீய் வெரட்டுதா?" இல்ல ஆச்சி, உடம்புக்குன்னேன். "உடம்புக்கு என்ன?"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ரெண்டு நிமிஷம் நின்னு யார் வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிட்டு வந்தேன். ஊர்ல ஓடுறதா இருந்தா அந்த ரெண்டு நிமிஷத்தையும் கணக்குல சேர்த்துக்குங்க. யாருன்னு தெரிஞ்சுட்டா அடுத்த நாள்ல இருந்து அவங்க கண்ணு நமக்குக் காவல்.

சென்னையில இருந்து ராத்திரி பஸ்ல போறவங்களுக்கு ஒண்ணு. பத்துப் பன்னெண்டு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, தூக்கமும் சரியா இல்லாம இறங்குற அன்னைக்கு வேக ஓட்டம் வேணாம். அன்னைக்கு ஒரு நடை, ஒரு நல்ல தூக்கம். மறுநாள் ஓடுங்க.

தீபாவளி அன்னைக்கு நான் ஓடுறது இல்ல. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா உடம்பு அசந்துடும், அது ஒரு சுகம், கெடுத்துக்காதீங்க. இன்னொரு காரணம் காத்து. தமிழ்நாட்டுல பட்டாசுக்கு அரசு கொடுத்திருக்கிற நேரமே காலைல 6லிருந்து 7, ராத்திரி 7லிருந்து 8. அதுல காலை நேரம் நம்ம ஓடுற நேரம். ராத்திரி புகையும் மறுநாள் காலை வரைக்கும் தாழ்வா நிக்கும். ஓடும்போது சும்மா உட்கார்ந்திருக்கிறதை விடப் பல மடங்கு காத்தை, அதுவும் வாயால, நேரா உள்ள இழுக்கிறோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட 'சமீர்' ஆப்ல உங்க ஏரியா எண்ணைப் பாருங்க. 200ஐத் தாண்டினாலே 'மோசம்'னு அர்த்தம். அன்னைக்கு விட்டுடுங்க.

ஸ்வீட் பத்தியும் சொல்லிடுறேன். "ரெண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன், நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?"னு கணக்குப் போடாதீங்க. ஓட்டத்துல செலவாகிறது தோராயமா ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. 60 கிலோ ஆளு 5 கிலோமீட்டர் ஓடினா 300. ஒரு ஸ்வீட் பாக்ஸ் அதை அஞ்சு நிமிஷத்துல திருப்பிக் கொடுத்துடும். இந்தப் போட்டியில ஸ்வீட்தான் ஜெயிக்கும். ஓட்டத்தைத் தண்டனை ஆக்கினா ஓட்டத்து மேலதான் வெறுப்பு வரும். சாப்பிடுங்க. வடை பாயசத்தோட முழுச் சாப்பாடுன்னா ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு ஓடுங்க, அவ்வளவுதான்.

மழையும் மார்கழியும்

மழையில நனைஞ்சுக்கிட்டு ஓடுறது பிரச்சினையே இல்ல. தேங்கின தண்ணிதான் பிரச்சினை. கீழ பள்ளமா, மூடி இல்லாத மேன்ஹோலா, அறுந்து விழுந்த வயரான்னு தெரியாது. எலி மூத்திரம் கலந்த தண்ணி கால்ல இருக்கிற சின்னக் காயம் வழியாப் பட்டாலே எலிக்காய்ச்சல் வரலாம். தெரியாம இறங்கிட்டா சோப்புப் போட்டுக் கழுவுங்க. அடுத்த சில வாரத்துல காய்ச்சல் வந்தா, டாக்டர்கிட்ட தேங்கின தண்ணியில கால் வெச்சதையும் மறக்காம சொல்லுங்க.

தண்ணி நிக்கிற நாட்கள்ல நான் அபார்ட்மென்ட் படிக்கட்டுக்குப் போயிடுவேன். நாலு மாடி வேகமா ஏறணும், மெதுவா நடந்து இறங்கணும். எட்டுத் தடவை. ரெண்டாவது தடவையிலயே தெரிஞ்சிடும் இது ஏமாத்து வேலை இல்லைன்னு. முட்டி வலி உள்ளவங்க இறங்குறதுக்கு லிஃப்ட்டைப் பிடிங்க. ஸ்கிப்பிங்கும் பண்ணலாம், ஆனா கீழ் வீட்டுக்காரங்க மேல வருவாங்க.

நனைஞ்ச ஷூவுக்கு: உள்ள இருக்கிற இன்சோலை வெளிய எடுங்க. பழைய பேப்பரைக் கசக்கி உள்ள திணிங்க, ஒரு மணி நேரத்துல அது ஊறிடும், மாத்துங்க. அப்புறம் ஃபேனுக்குக் கீழ. ஹேர் டிரையர், அடுப்புப் பக்கம் எல்லாம் வேணாம், ஒட்டியிருக்கிற பசை விட்டுடும்.

டிசம்பர் பாதியில மார்கழி பிறக்கும். சென்னையில ஓடுறதுக்கு இதைவிட நல்ல மாசம் கிடையாதுங்கிறது என் கட்சி. விடியற்காலையில வெப்பம் 20 டிகிரியை ஒட்டி வந்துடும். மே மாசத்துல எவ்வளவு உழைச்சாலும் வராத வேகம் சும்மாவே வரும். அதைவிட முக்கியமா, தெருவுல ஆள் இருக்கும். மத்த மாசங்கள்ல காலைல அஞ்சே காலுக்கு ஒரு பொண்ணு தனியா ஓடணும்னா எந்தத் தெரு, எங்க லைட் எரியல, எங்க நாய்னு ஆயிரம் கணக்கு. மார்கழியில அதே நேரத்துக்கு வாசல்ல பெண்கள் கோலம் போட்டுக்கிட்டு இருப்பாங்க, கோயில் திறந்திருக்கும், மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பஜனை போகும். கோலத்தை மிதிக்காம ஓடுறதே ஒரு தனிப் பயிற்சி. எனக்குன்னு ஒரு ரூட் இருக்கு, ஏழு தெரு, எல்லாம் கோலம் போடுற தெரு. சூரியன் ஆறரையை ஒட்டித்தான் வரும்கிறதால வெளிர் நிறச் சட்டை போடுங்க. இயர்போன் மாட்டினா ஒரு காதுல மட்டும்.

அதனால நியூ இயருக்காகக் காத்திருக்காதீங்க. ஜனவரி 1ல ஆரம்பிக்கிறவங்க மார்கழியில பாதியைத் தவற விட்டவங்க.

போகி அன்னைக்கு மட்டும் காலைல வேணாம். பனியோட டயர், பிளாஸ்டிக் எரிக்கிற புகையும் சேர்ந்துடும். 2018 போகி அன்னைக்கு அந்தப் புகைமூட்டத்துல சென்னை ஏர்போர்ட்ல விமானங்களே இறங்க முடியாமத் திண்டாடின கதை உண்டு. சாயங்காலம் பார்த்துக்கலாம்.

இவ்வளவு சொல்லியும் விட்டுப் போகும். எனக்கே போன நவம்பர்ல காய்ச்சல்ல பத்து நாள் போச்சு. ஒரு வாரம் வரைக்கும் விட்டிருந்தா விட்ட இடத்துல இருந்தே தொடரலாம், முதல் நாள் மட்டும் மெதுவா. ரெண்டு மூணு வாரம்னா பழைய தூரத்துல பாதியில ஆரம்பிங்க. ரெண்டு மாசம்னா ஓட்டமும் நடையும் மாத்தி மாத்தி, முதல் ரெண்டு வாரம் வேகம் கிடையாது. வேகம் பத்தி இவ்வளவு நேரம் சொன்னது விடாம ஓடுறவங்களுக்கு. திரும்பி வர்றவங்களுக்குக் கால்தான் முதல்ல. முன்னெலும்பைத் தொட்டா ஒரு புள்ளியில வலி, நடந்தாலும் குறையல, ராத்திரியும் வலிக்குதுன்னா ஓடாதீங்க, டாக்டரைப் பாருங்க. எலும்புல மெல்லிய விரிசல் இருக்கலாம்.

வாய்ஸ் நோட் அனுப்பின தங்கச்சிக்கு: ஊருக்குப் போற பையில ஷூவை முதல்ல வை, ஸ்வீட் பாக்ஸ் அதுக்கு மேல வந்துடும். போய் இறங்குன மறுநாள் 25 நிமிஷம். யாராவது நாய் வெரட்டுதான்னு கேட்டா, அந்தப் பதிலையும் எனக்கு வாய்ஸ் நோட்ல அனுப்பு. அடுத்த எபிசோட்ல ஷூ வாங்குறது பத்திப் பேசலாம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு ஷூ, ஆஃபர்ல வாங்கலாமா, வேணாமா எல்லாம்.